பட்டாபிஷேகத்தோடு நிறுத்திய கதை

அஸ்தினாபுரத்தில் காமு மாமியின் கொலுவைப் பார்க்காதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும். படிகளைப் பற்றி மாமிக்கு அத்தனை கவலை கிடையாது. மரப்பாச்சியும் தசாவதாரமும் வருஷா வருஷம் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மாமியின் உயிரெல்லாம் பக்கத்தில் தரையில் பரப்புகிற ‘தீம்’ மேல்தான். காலனிப் பெண்களின் வாட்ஸப் குழுவில் அதற்குப் போட்டி உண்டு, பரிசாக ஒரு எவர்சில்வர் டப்பாவும் உண்டு. போன வருஷம் மாமி திருப்பதி மலையையே கட்டி வைத்தும், எதிர்வீட்டு அபிதகுஜாம்பாள் மெட்ரோ ரயில் விட்டு டப்பாவைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். மாமி வீட்டுப் பரணில் ஏற்கெனவே டப்பா வழிகிறது. ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது பரணைப் பார்த்தா வரும்?

இந்த வருஷம் மாமி கையில் சரக்கு இருந்தது. கோடைக்குப் பெண் ஸஹானாவோடு இருந்துவிட்டு வந்திருந்தாள். ஸஹானா இருப்பது ஸ்காட்லாந்தில், பெர்த் என்கிற ஊரில். பெண்ணும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச ஆளில்லை. மாமி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றக் கிளம்பினாள். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே வாழ்ந்த ஜேம்ஸ் என்கிற ராஜாவின் கதையை லைப்ரரியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தாள். படித்துவிட்டு, பெற்ற பிள்ளைக்கு அழுவதுபோல அழுதாள். சாயங்காலம் வந்த ஸஹானா, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனாள்.

“ஏன், நம்ம ஊர்ல ராஜாவே இல்லையா?” என்றார் வீட்டுக்காரர் ஸ்ரீநிவாசராகவன். “மாடம்பாக்கம் போனா சோழன் காலத்துக் கோயிலே இருக்கு. அவனை வெக்கலாமே.”

“சோழனை எல்லாரும் வெப்பா. இவனுக்கு யார் இருக்கா?” என்று மாமி அவர் வாயை அடைத்தாள்.

ராமர் செட்டில் உபரியாகக் கிடந்த லட்சுமணனுக்குத் தெர்மகோல் கிரீடம் வைத்ததும் ஜேம்ஸ் தயார். நீல பாலிதீன் விரித்துக் கடல். சோப்பு டப்பாவில் கப்பல். ராஜாவின் சித்தப்பனுக்குத்தான் பொம்மை அகப்படாமல் இரண்டு நாள் திண்டாடினாள். கடைசியில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினாள். எதைக் கேட்டாலும் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஒன்றையும் செய்யாமல் இருந்த மனிதன் அவன்.

வருகிறவர்களுக்கெல்லாம் மாமியே கதை சொன்னாள். ஆனால் ஒரு கட்டுப்பாட்டோடு சொன்னாள். ராமாயணம் சொல்கிறவர்கள் பட்டாபிஷேகத்தில் நிறுத்தி மங்களம் பாடிவிடுவார்கள், அதற்கு மேல் சீதை காட்டுக்குப் போன கதைக்குப் போகமாட்டார்கள் இல்லையா? வீட்டில் அம்பாள் கொலுவிருக்கும்போது வெட்டு, குத்து, சாவெல்லாம் வாயில் வரலாமா? ஆகவே ஜேம்ஸுக்கு முடி சூட்டியதும் மாமி கையைக் கூப்பிவிட்டு, சுண்டல் எடுத்துவர எழுந்துவிடுவாள். மிச்சக் கதை அவள் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் தனக்கோடி கடலைமாவு கொண்டுவந்தாள். முனைத் தெருவில் மாவு மில் வைத்திருப்பவள். மாடம்பாக்கத்தில் பழைய விவசாயக் குடும்பம், நிலமெல்லாம் இன்னும் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. புருஷன் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதிலிருந்து நவராத்திரியில் யார் வீட்டுப் படியும் அவள் ஏறுவதில்லை. மாவுப் பையை கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பினாள்.

“எங்க ஓடற? உள்ள வந்து கொலு பாரு.”

“வேணாம் மாமி. சுமங்கலிங்க வந்துகினு இருக்காங்கோ. நான் எதுக்கு குறுக்கால?”

“அம்பாளுக்கு இல்லாத வீம்பு நமக்கு என்னத்துக்கு? வா சொல்றேன்.” மாமி கையைப் பிடித்து இழுக்காத குறை.

தனக்கோடி படிகளைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு தரையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இன்னா மாமி இது, கப்பலா?”

கேட்டால் போதாதா? மாமி ஆரம்பித்துவிட்டாள். நொண்டிக் கால் ராஜா ஒருத்தர். நல்லவர், ஆனால் திராணி இல்லாதவர். ராஜ்யத்தை அவருடைய தம்பிதான் நடத்தினான். மூத்த பிள்ளை அந்தச் சித்தப்பன் காவலில் இருக்கும்போது இல்லாமலே போய்விட்டான். மிச்சம் இருந்தது சின்னப் பிள்ளை ஜேம்ஸ் ஒருவன்தான். இவனையாவது காப்பாற்றலாம் என்று அப்பா அவனை ரகசியமாகக் கப்பலேற்றி, வேறு தேசத்துக்கு அனுப்பினார். கம்பளியும் தோலும் ஏற்றின சரக்குக் கப்பல் அது. நடுக்கடலில் கொள்ளைக்காரர்கள் மடக்கிப் பிடித்து, பக்கத்து நாட்டு ராஜாவிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டார்கள்.

“அந்தப் புள்ள இன்னா தப்பு பண்ச்சி?”

“ஒரு தப்பும் பண்ணலை. கப்பல்ல இருந்தான், அவ்வளவுதான்.”

தனக்கோடி தரையில் உட்கார்ந்தாள். “சோறு ஒழுங்கா போட்டாங்களா மாமி?”

இத்தனை பேர் கதை கேட்டார்கள், இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. போட்டார்கள், படிப்பும் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள் மாமி. விஷயம் தெரிந்ததும் அப்பாவுக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று, சாப்பாட்டில் உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டார் என்றும் சொன்னாள்.

“செத்துட்டாரா?”

அம்பாள் முன்னால் பொய்யும் சொல்லமுடியாது, நிஜமும் சொல்லக்கூடாது. மாமி சோப்பு டப்பாக் கப்பலை எடுத்து நேராக வைத்தாள்.

“எங்க வூட்டுக்காரரும் அப்டித்தான்,” என்றாள் தனக்கோடி. “முகிலன் கப்பல புடிச்சிட்டாங்கன்னு போன் வந்துச்சு. ரெண்டு நாளு சோறு எறங்கல. மூணாவது நாளு நெஞ்ச புடிச்சிக்கினு சாஞ்சிட்டாரு.”

மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்கோடியின் பிள்ளை முகிலன் கப்பலில் வேலை பார்க்கிறான் என்று தெரியும். எங்கோ தூர தேசத்துத் துறைமுகத்தில், முதலாளி ஏற்றிய கள்ள எண்ணெய்க்காக வேலைக்காரப் பையன்களைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. முதலாளி கம்பியை நீட்டிவிட்டான். அபராதத்தைக் கட்டினால்தான் விடுவார்களாம். மற்றப் பையன்களின் வீட்டார் எல்லாரும் தங்கள் பங்கைக் கட்டத் தயார். தனக்கோடிக்குப் புருஷன் பங்கு நிலத்தை விற்றால்தான் உண்டு. அதற்குப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கொழுந்தன் ஜெயவேலு கையெழுத்துப் போடவேண்டும்.

“கேட்டா பாக்கலாம் அண்ணி, ஆவட்டும் அண்ணின்னு தலைய ஆட்டுவான். ரெண்டு வருசமா ஆட்டிக்கினே கீறான்.” தனக்கோடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அந்தப் புள்ள வந்துச்சா மாமி?”

“வந்தானே! ஜம்முனு வந்தான். ஜெயில் ஜன்னல்லேர்ந்து தோட்டத்துல ஒரு பொண்ணப் பார்த்து, அவ மேல பாட்டெல்லாம் எழுதி, அவளையே கல்யாணம் பண்ணிண்டு வந்து பட்டாபிஷேகம் பண்ணிண்டான்.”

“எம்மா நாளு கழிச்சி?”

பதினெட்டு வருஷம். அது மாமியின் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும், வந்த வழியே திரும்பிப் போயிற்று.

“கொஞ்ச வருஷம்,” என்றாள்.

கொலு வீட்டுக்கு ஒரு தடவை வந்துபோவதுதான் ஊர் வழக்கம். தனக்கோடி மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். மில்லை அடைத்துவிட்டு, கையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு, ஓரமாக உட்கார்ந்துவிடுவாள். ஜன்னல் பெண்ணைப் பற்றி மாமி உருகி உருகிச் சொல்லும்போது அவள் காதிலேயே வாங்கமாட்டாள். குளிருக்குப் போர்த்திக்கொள்ள என்ன கொடுத்தார்கள், ஊரிலிருந்து யாராவது போய்ப் பார்த்தார்களா, இதுதான் அவள் விசாரம். “உன் ராஜாவுக்கு நித்யப்படி ஒரு ஆள் சேர்ந்துட்டா,” என்று ஸ்ரீநிவாசராகவன் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேலி பண்ணினார். மாமிக்கோ உள்ளூரப் பெருமை. கேட்க ஆள் கிடைத்துவிட்டால் கதை சொல்கிறவளுக்குத் தலைகால் தெரியுமா? நாளுக்கொரு கிளைக்கதையாக அவிழ்த்துவிட்டாள். அதில் ஒன்றுதான் வினையாயிற்று.

சித்தப்பனின் சொந்தப் பிள்ளையும் அதே பகை நாட்டில் சிறை இருந்தான். அவனை மட்டும் சித்தப்பன் பேசி மீட்டுக்கொண்டு வந்துவிட்டான். அண்ணன் பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டான். இதை மாமி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

தனக்கோடி தலையாட்டி பொம்மையை ஒரு விரலால் ஆட்டிவிட்டாள். பிறகு, “போன வருசம் ஜெயவேலு தாங்கல் ஏரி ஓரத்து நெலத்த வித்தான். அவம் புள்ள சிவகுமாரு கனடாவுல படிக்கணும்னு,” என்றாள். “எங்கிட்ட வந்தான். நானும் கையெழுத்து போட்டேன். அதுக்கு மட்டும் நெலம் பிரிஞ்சிச்சி மாமி.”

சரஸ்வதி பூஜையன்று கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அவள் கேட்டாள். “ராஜா முடி சூட்டிக்கினாரு, சரி. அந்தச் சித்தப்பன் வூட்ட இன்னா பண்ணாரு?”

மாமி இந்த இடத்தில் எழுந்து போயிருக்கவேண்டும். எத்தனையோ பேரிடம் அப்படித்தான் எழுந்து போனாள். ஆனால் அந்தப் பெண்ணின் வயிற்றெரிச்சல் மாமிக்கும் பற்றிக்கொண்டிருந்தது. “சித்தப்பன் அதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டான். ஆனா அவன் பிள்ளை, பேரன்கள், ஒருத்தனையும் விடலை. சபையைக் கூட்டி, தீர்ப்புச் சொல்லி, அத்தனை பேர் தலையையும் வாங்கிட்டான்,” என்றாள். சொன்ன கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொலுவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

தனக்கோடியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை நாளில் மாமி பார்க்காத வெளிச்சம். “நல்லா கீது கதை,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் விஜயதசமி. காலைக் காப்பி ஆறுவதற்குள் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஹேண்டில்பாரில் வாழைக்கன்று, முன்னால் சந்தனப் பொட்டு, அதற்கு மேல் அப்பினாற்போல் மண். இறங்கிய ஆளின் வெள்ளைச் சட்டைத் தோளிலும் மண்.

“எங்க அண்ணிக்கு ராஜா கதை சொன்ன மாமி யாரு?”

ஜெயவேலு என்று அவன் சொல்லாமலே தெரிந்தது. ஐம்பதைத் தொடுகிற வயசு. கத்தவந்த ஆளாக இல்லை, அடிபட்டவனாக இருந்தான். மாமி உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள்.

“காலைல பூசை போட்ட வண்டிய எடுக்கறேன். வூட்டு வாசல்ல வந்து நின்னு மண்ண வாரித் தூத்துது எங்க அண்ணி. ஒரு கை இல்ல, ரெண்டு கையும் அள்ளி. ‘எம் புள்ள வருவான், வந்து உங்கொலத்தையே அறுப்பான், ராஜா அறுத்தாப்ல அறுப்பான்’னுது. தெருவே பாக்குது. எம் பொண்டாட்டி மயங்கி உழுந்துட்டா.” அவன் தன் தோளைத் தொட்டுக் காட்டினான். “எங்கம்மா செத்தப்புறம் எனக்கு சோறு போட்டது அந்தக் கை மாமி. அந்தக் கையால மண்ணு.”

நல்ல நாளும் அதுவுமாக, வயிறெரிந்த ஒரு பெண் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? ஏழு தலைமுறைக்கும் அந்தப் பயம் போகாது.

“நீங்க கையெழுத்துப் போட்டிருந்தா—”

“போட்டிருப்பேன். அபராதத்த கட்றேன்னு எவனோ வக்கீலு, மூஞ்சி கூட பாக்கல, வாட்ஸப்புல பேசறான். நெலத்த வித்துக் குடுத்து, புள்ளயும் வரலன்னா? அந்தம்மா நடுத்தெருவுல நிக்கும். முடியாதுன்னு சொல்ல வாய் வரல, தலைய ஆட்டிக்கினே இருந்துட்டேன்.” அவன் எழுந்தான். “இப்ப சொல்றேன். இனிமே செத்தாலும் கையெழுத்து கிடையாது. என்ன வெட்டறதுக்கு நானே ஆளைக் கூட்டியாறணுமா?”

காமு மாமி ஆடிப்போனாள். இவன் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பிள்ளை வரமாட்டான். இவன் போடாமல் இருப்பதற்குக் காரணம் இப்போது நிலமும் இல்லை, வக்கீலும் இல்லை. நேற்று அவள் வாயிலிருந்து வந்த பாதிக் கதைதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

“கொஞ்சம் இருங்கோ,” என்று அவனைத் திரும்ப உட்காரவைத்தாள். போனை எடுத்து, ஜெயவேலு சொன்னதைச் சொல்லித் தனக்கோடியைக் கூப்பிட்டாள். முனைத் தெருதானே, வந்துவிட்டாள். தலை கலைந்து, நகக்கண்ணெல்லாம் மண்ணாக. கொழுந்தனைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றாள்.

“ரெண்டு பேரும் கேளுங்கோ. நான் சொன்னது முழுக் கதை இல்லை.”

“காமு, கொலு இருக்கு,” என்றார் ஸ்ரீநிவாசராகவன் மெதுவாக.

“இருக்கட்டும். அம்பாளும் கேட்கட்டும்.”

மாமி சொன்னாள். திரும்பி வந்த ராஜா கெட்டவன் இல்லை. ஏழை வழக்குக்கு நியாயம் வேணும்னு சட்டம் போட்டான். ஆனால் சிறையிலேயே வளர்ந்தவனுக்கு மன்னிக்க மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. சித்தப்பன் வம்சத்தைக் கொன்றதும், மற்ற சொந்தக்காரர்களுக்கு அடுத்தது நாமா என்று பயம் வந்துவிட்டது. இன்னொரு சித்தப்பன், தாத்தாவின் இளைய தாரத்துப் பிள்ளை, அரண்மனைக்குள்ளேயே ஆள் சேர்த்தான். பெர்த்தில் ஒரு மடத்தில் ராஜா தங்கியிருந்தபோது கத்தியோடு வந்துவிட்டார்கள். கதவுத் தாழ்ப்பாளை யாரோ முன்னாலேயே கழற்றி வைத்திருந்தார்கள். ராஜா தரைப் பலகையைப் பெயர்த்துக் கீழே சாக்கடைக்குள் குதித்தான். அதன் வழியே வெளியே போயிருக்கலாம். ஆனால் பந்து விளையாடும்போது பந்தெல்லாம் அதில் போய் விழுகிறதென்று, சில நாளுக்கு முன்னால் அந்த வாயை அவனே அடைக்கச் சொல்லியிருந்தான்.

“அங்கேயே வெச்சு அவனை—” மாமியால் முடிக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. “பட்டம் கட்டிண்டு நிம்மதியா பதிமூணு வருஷம்கூட இருக்கலை. பாவம், பதினெட்டு வருஷம் சிறையில இருந்துட்டு வந்த பிள்ளை.”

ஜெயவேலு தலையைக் குனிந்திருந்தான். வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

“எம்மா வருசம்?”

மாமிக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது.

“கொஞ்ச வருசம்னியே மாமி.”

“உன் முகத்தப் பார்த்து எனக்குச் சொல்ல வரலை தனக்கோடி.”

வெட்டியது, குத்தியது, சாக்கடை, எதுவும் அவள் காதில் ஏறினதாகவே தெரியவில்லை. பதினெட்டு, பதினெட்டு என்று உதடு மட்டும் அசைந்தது. கையில் விரலை மடக்கினாள். எதைக் கணக்குப் போடுகிறாள், முகிலன் வயசையா, தன் வயசையா என்று தெரியவில்லை. பாதியில் விட்டுவிட்டாள்.

“அதுக்கு அம்மா இல்லியா?” என்று கேட்டாள்.

“யாருக்கு?”

“அந்த ராஜாவுக்கு. புள்ளய புடிச்சிக்கினு போய் பதினெட்டு வருசம் வெச்சிருந்தானுங்களே, அவங்கம்மா இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?”

மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவ முன்னாடியே போயிட்டா. அவனுக்கு ஏழு வயசு இருக்கறச்சயே.”

“அதான் கேக்க ஆளில்ல,” என்றாள் தனக்கோடி.

ஜெயவேலு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கடைசியில் எழுந்து வாசல் பக்கம் போனான். பேசாமல் தாண்டிப் போய்விடப் போகிறான் என்றுதான் மாமி நினைத்தாள்.

“அண்ணி, அந்த வக்கீலு நம்பரக் குடு. நான் பேசறேன். நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீசு தொறந்துரும். ஆதாரு எடுத்துக்கினு வா, பத்திரத்த முடிச்சிரலாம்.”

“செத்தாலும் போட மாட்டேன்னு இப்பத்தான் கத்திக்கினு இருந்தியாமே,” என்றாள் அவள். கோபத்தில் இல்லை. நம்பலாமா என்று கேட்கிற குரல்.

“சொன்னேன்.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “வந்து என்ன வெட்டட்டும், வெட்டாம போவட்டும். மொதல்ல வரட்டும்.”

தனக்கோடி படியை விட்டு உள்ளே வந்தாள். அவன் சட்டைத் தோளில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் தட்டிவிட ஆரம்பித்தாள்.